எறிந்துவிட்டு ஓடினான் என்ற வாக்கியம்

3 மார்ச் 2025, திங்கள். சித்திரபுரம்.

இன்று வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பில் வாசித்த என் கதையில் ஒரு சிறு தவறு. ‘நல்லதம்பி மிஷினை எறிந்துவிட்டு ஓடினான்’ என்று எழுதியிருந்தேன். அவர் எறியவில்லை.

சார் கதை எழுதி வரச் சொன்னபோது, போன மாதம் புல்மேட்டில் பிடித்த தீயைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அணைக்கப் போன தீக்காவல் ஆட்களில் நல்லதம்பி அண்ணன் மட்டும் திரும்பவில்லை. அவர் மனைவி இந்து அக்கா வகுப்பில் என் பெஞ்சில்தான் உட்காருகிறார். வாசித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னார்:

“எறிஞ்சிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாருட்டி.”

1.

மறுபடி தொடங்குகிறேன்.

‘செந்நிறப் பூவாய் மலர்ந்த மலை’ (வேண்டாம். அங்கே யாரும் பூ பார்க்கவில்லை.)

‘காற்று திரும்பியது. நல்லதம்பியின் முதுகில் புளோயர் இருந்தது.’

இது இருக்கட்டும்.*

* புளோயர்: பெட்ரோலில் ஓடும் மிஷின். காற்றடித்துச் சருகை ஒதுக்கினால் தீ தாண்டாத வெறும் தரை கிடைக்கும். பெட்ரோலோடு அதை முதுகில் கட்டிக்கொண்டுதான் தீக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

2.

ஏன் எறியவில்லை? கதைக்குக் காரணம் வேண்டும். காரணத்தின் பெயர் ரிஜின்.

போன கோடையில் அதே தீக்காவல் வேலையில் இருந்த ரிஜின் மிஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்தான். மிஷின் எரிந்தது, அவன் பிழைத்தான். இந்தக் கோடையில் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. இப்போது டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான்.

அதிலிருந்து ஆட்களுக்குள் ஒரு கேலி. தீ பிடித்த அன்று காலையும் குழுத் தலைவர் சுடலைமணி சொல்லியிருக்கிறார்:

“நல்லதம்பி, ரிஜின் மாதிரி மிஷின விட்டுட்டு ஓடியாந்துராதலே. ஒன்னய விட்டுட்டு வந்தாக்கூட நாங்க பதில் சொல்லிக்கிடுவோம்.”

எல்லாரும் சிரித்தார்களாம். நல்லதம்பி அண்ணனும்.

3.

சுடலைமணியைக் கெட்டவராக்கி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். தீ மேட்டில் ஏறியபோது, இனி தீப்பிடிக்காத, எரிந்து முடிந்த பக்கம் ஓடச் சொல்லிக் கத்தியவர் அவர்தான். பிறகு, நல்லதம்பி அண்ணன் உடம்பிலிருந்து மிஷினின் உருகிய பெல்ட் கொக்கியைக் கழற்றப்போய் அவர் உள்ளங்கை வெந்தது. ரிஜினைக் கூப்பிட வேண்டாமென்று முடிவு செய்த கெட்டவர் வேறு எங்கோ மேசையில் இருக்கிறார். அவரை எனக்குத் தெரியாது. தெரியாதவரை எப்படி எழுதுவது என்றும்—

4.

சார் நம்பிக்கையாக முடிக்கச் சொன்னார். வகுப்பிலேயே எழுதிப் பார்த்தேன்.

‘நல்லதம்பி கொக்கியைக் கழற்றினான். கரிந்த தரையில் வந்து விழுந்தான். அடுத்த கோடையில் வேலை இல்லை. இந்து திட்டினாள்: ரிஜினுக்கு அண்ணன் மாதிரி வந்து உக்காந்துட்டீகளே.’

வகுப்பு முடிந்து நடந்து வரும்போது அக்காவிடம் இதைக் காட்டினேன். தெருவிளக்கடியில் நின்று படித்தார்.

“திட்டத்தான் செய்வேன்” என்றார். “தெனமும் திட்டுவேன்னு போடு.”

போட்டேன்.

5.

புது மிஷின் வந்துவிட்டது. அதைச் சுமக்க இந்து அக்காவையே கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறுதலாகத்தான் இந்த வேலையைக் கொடுத்தார்களாம்.

“தீ வந்தா எறிவீங்களாக்கா?”

“எறிஞ்சா அடுத்த வருசம் கூப்பிடுவாங்களாட்டி?”

கதை எழுதுகிறவளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பார் சார். படிக்கிற உங்களுக்குத் தெரிந்தால், இந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

‘காற்று திரும்பியது. இந்துவின் முதுகில் புளோயர் இருந்தது. அவள் ................’

நாளைக்குச் செய்ய வேண்டியது: காலையில் தீக்காவல் ஆட்களை ஏற்ற ஜீப் வருமுன், மிஷின் வைத்திருக்கும் ஸ்டோர் வாசலுக்குப் போக வேண்டும். அக்கா, புகையில் நிற்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு மிஷினைக் கழற்றிப் பழகுவார். அது கீழே விழாமல் நான் பிடிக்க வேண்டும்.