வயிற்றுக்குச் சொன்னது

கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றபடி சரளா காதைக் கொடுத்துக் கேட்டாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை. முனகல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. ஒரு வாரமாகவே கணவர் உடையப்பனுக்கு வயிறு போகவில்லை. பார்க்கின்சன்ஸ் என்றால் கை நடுங்கும், கால் பின்னும் என்றுதான் அவள் முதலில் நினைத்திருந்தாள். அது குடலையும் பிடித்துக்கொள்ளும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. தாப்பா மலை ரோட்டில் மணல் லாரியை ஒற்றைக் கையால் வளைத்து ஓட்டிய மனிதர், இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

"நான் உள்ள வரவாங்க?"

முனகல் நின்றது. பிறகு மெல்ல, "வா" என்றார்.

கையுறை மாட்டிக்கொண்டு அவள் செய்யவேண்டியதைச் செய்தாள். முடியும்வரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இருவரும் பசியாறவில்லை.

மகள் ஷாமினி ஈப்போவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள். அடுத்த தடவை கிளினிக்குக்கு அவளும் கூட வந்தாள். புரோபயோட்டிக் கொடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டது அவள்தான். வயிற்றுக்கு நல்லது செய்யும் கிருமிகளைத் தூளாக்கி வைத்திருக்கிறார்கள், தண்ணீரில் கலந்து குடிக்கலாம், மலச்சிக்கலுக்கு உதவக்கூடும் என்றார் டாக்டர். நோய்க்கே உதவுமா என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். இப்போதைக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். இப்போது சாப்பிடும் மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் டாக்டர் சொன்னபோது உடையப்பனை எடை பார்க்க வெளியே அழைத்துப் போயிருந்தார்கள்.

வீட்டில் சரளா கலக்கி நீட்டிய கோப்பையை அவர் தள்ளிவிட்டார்.

"கிருமியக் குடிச்சா கை ஆடறது நின்னுருமா? போதும்லா சரளா. இருக்குற மாத்திரய முழுங்குறதே பெரும்பாடு."

"நிக்குமாம். டாக்டரே சொல்லிட்டாரு."

குடித்தால் போதும் என்றுதான் சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க அவளால் முடியாது. உடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து, சிந்தியது போக மீதியைக் குடித்தார்.

சில வாரங்களில் வயிறு இளகிக்கொடுத்தது. தானே போய்த் தானே வந்தார். சோறு இரண்டாம் தடவை கேட்டார். வயிறு சீரானதில் மாத்திரையும் நன்றாகப் பிடிக்கிறது போலிருக்கிறது என்று போனில் சொன்னாள் ஷாமினி. உடையப்பன் மாத்திரைக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கவில்லை. காலையில் கோப்பையைக் காலி செய்ததும் வலது கையை மேசைமேல் விரித்து வைப்பார்.

"பாரு, கொறஞ்சிருக்குல்ல?"

நடுக்கம் அப்படியேதான் இருந்தது. "ஆமாங்க" என்பாள். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு போவாள். அவரோ தானே சவரம் செய்துகொண்டு, தாடையில் ரத்தக்கீறலோடு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அவள் ரத்தத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள்.

ஒரு நாள் அவள் சுங்கை சிப்புட் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் கோகிலன் போன் செய்தான்.

"அக்கா, அண்ணே மோட்டார எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. செம்பனைக் காட்டு வளைவுல வுழுந்து கெடக்காரு. ஆம்புலன்ஸ் வருது. பதறாதீங்கக்கா."

பழைய லாரி முதலாளியான தவுக்கேயைப் பார்க்கத்தான் புறப்பட்டிருந்தார், மறுபடி லாரி ஓட்ட எடுத்துக்கொள்வாரா என்று கேட்க. கோயிலுக்குப் போகும் சட்டையைப் போட்டிருந்தார். வளைவில் மோட்டார் சைக்கிளின் பிரேக்கை அழுத்த விரல்கள் மறுத்து, கைப்பிடியைப் பிடித்தபடியே இறுகிவிட்டன. இடுப்பெலும்பு முறிந்துபோனது.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள், ஈப்போவில் ஆஸ்பத்திரி வார்டில், அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"பவுடர் கொண்டாந்தியா? வுட்டா மறுபடி மொதல்லேர்ந்துல்ல ஆரம்பிக்கணும்."

சரளா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரு வயித்துக்குத்தாங்க சொன்னாரு. கைக்குன்னு சொல்லல. நாந்தான் சொன்னேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனக் கிழவருக்கு மகள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் அவள் தன் வாயைத் திறந்து காட்டினாள். உடையப்பன் கத்துவார் என்று சரளா காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"தவுக்கேகிட்ட போன்ல சொல்லிட்டேன்" என்றார் கடைசியில். "எனக்கு நல்லாயிருச்சுன்னு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணை மூடியபடியே, "கலக்கு. ஆப்பரேசனுக்கப்புறம் வயிறு போவல" என்றார்.

வார்டைக் கவனிக்கும் மிஸ்ஸியிடம் கேட்டுவிட்டு அவள் கலக்கினாள். தலையைத் தாங்கிப் பிடித்து ஊட்டினாள். கழுத்தில் வழிந்ததைத் துண்டால் ஒற்றி எடுத்தாள். அவர் அப்படியே தூங்கிப்போனார்.

மத்தியானம் மிஸ்ஸி மருந்துத் தள்ளுவண்டியோடு வந்தாள். மாத்திரையைக் கொடுத்து, நேரம் தவறக் கூடாது, எழுப்புங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

சரளா அவர் தோளருகே குனிந்தாள். தூக்கத்தில் அந்தக் கை ஆடுவதில்லை. வெள்ளை விரிப்பின்மேல், விரல்கள் லேசாக மடங்கி, அமைதியாகக் கிடந்தது. மாத்திரை அவள் உள்ளங்கை வியர்வையில் கரைந்து மஞ்சளாக ஒட்டத் தொடங்கியது. அவள் இன்னும் அவரை எழுப்பாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.