மூடியைத் திறக்காதீங்க மாமா

ஸ்லோ குக்கர் வாங்கலாம் என்று முதலில் சொன்னது அவள்தான். அதனால்தான் அந்த மதியம், பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பழியைப் போட அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

நெருப்பில்லாமல் மெல்ல வேகவைக்கும் அந்த மின்பானையை மாமனாருக்காகத்தான் வாங்கியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கப்பலில் வந்த ராட்சதப் பெட்டிகளை ஆட்களின் தலைக்கு மேலே அந்தரத்தில் கொண்டுபோய், முட்டையை வைப்பது போல இறக்கிவைத்த கை. குடியிருப்பில் இன்றும் அவருக்குப் பெயர் கிரேன்காரர்தான். அப்படிப்பட்டவர் ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டார். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த புதிது, மாத்திரை மயக்கம். பாத்திரம் கருகி, பக்கத்திலிருந்த துணி பற்றி, சுவர் கூரை வரை கரியாகிவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சர் கதவை உடைக்காத குறையாகத் தட்டியிருக்காவிட்டால்... அந்த வாக்கியத்தை வீட்டில் யாரும் முடிப்பதில்லை.

அன்றிலிருந்து அவர் சமையலறை வாசலோடு நின்றுவிடுவார். அடுப்பைத் தொட மாட்டார். சுவிட்சைத் தொட மாட்டார். தண்ணீரைக்கூடத் தயங்கித் தயங்கிக் கேட்டு வாங்கித்தான் குடிப்பார்.

மருத்துவரோ குழைய வெந்ததைத்தான் சூடாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். மதியத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவளுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. கணவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை.

மூன்று பேருமாகத்தான் கடைக்குப் போனார்கள். விற்பனைப் பையன் ஒவ்வொரு பானையாகத் தட்டிக் காட்டினான்.

"நெருப்பே கிடையாது மேடம். பொங்காது, அடிப்பிடிக்காது. பழைய குண்டு பல்பு ரெண்டு எரியற கரண்டுதான் இழுக்கும். கடினமான கறிகூட பஞ்சு மாதிரி ஆயிடும். காலையில எல்லாத்தையும் அள்ளிப் போட்டு மூடிட்டுக் கிளம்புங்க, சாப்பாடு தானா ரெடியாயிடும்."

"நாங்க சண்டை போட்டுட்டிருந்தாலும் வேகுமா?" என்றான் கணவன்.

"சண்டை முடியற வரைக்கும் சூடாவும் வச்சிருக்கும் சார்."

பெரிய பானையை அவள் வேண்டாமென்றாள். பாதிக்கும் குறைவாகப் போட்டால் காய்ந்துவிடுமாம். மூன்று பேருக்கு எதற்கு அண்டா? உள்பானை பீங்கானாக இருந்தால் சூடு நிற்கும். உள்ளே நடப்பது தெரியக் கண்ணாடி மூடி. நேரம் முடிந்ததும் தானாகவே இளஞ்சூட்டுக்கு மாறும் டைமர். எல்லாம் பொருந்திய ஒன்று அலமாரியின் ஓரத்தில், வெள்ளையாக, சாதுவாக உட்கார்ந்திருந்தது.

மாமா குனிந்து அதைப் பார்த்தார். "சத்தமே போடாதா தம்பி?"

"போடாது சார்."

"அப்ப வேலை செய்யுதா, கெட்டுப்போச்சான்னு எப்படித் தெரியும்?"

"சிவப்பு லைட் எரியும் சார். மூடியை மட்டும் அடிக்கடி திறக்காதீங்க. ஒரு தடவை திறந்தா அரைமணி நேரச் சூடு வீணாயிடும்."

முதல் சில நாட்கள் அவள் விடுப்பில் இருந்தாள். கேரட் சூப் வைத்தாள், கோழி வைத்தாள். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வந்தது. மாமா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சுவரில் புதிதாக அடித்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு அவள் நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

விடுப்பு முடிந்த காலையில் ராஜ்மா போட்டாள். இரவே ஊறவைத்த சிவப்புக் கொட்டைகளை வடித்து, வெங்காயம், தக்காளி, உப்பு சேர்த்து, கூடத்து மேசையில் குக்கரைக் குறைந்த சூட்டில் வைத்தாள்.

"மதியம் வரைக்கும் மூடியைத் திறக்காதீங்க மாமா. பசிச்சதும் ரெண்டு கரண்டி எடுத்து ரொட்டியோட சாப்பிடுங்க. போன் பக்கத்துலயே இருக்கட்டும்."

அவர் வாசலில் நின்றபடி முஷ்டியை மடக்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். துறைமுகத்தில் அதற்கு, சுமை பத்திரமாக இருக்கிறது, பயப்படாதே என்று பொருள். அந்த வீட்டிலும் அதே பொருள்தான்.

மதியம் கடையின் பின்னறையில், லென்ஸ் தூள் படிந்த மேசையைத் துடைத்துவிட்டு, அவளும் உடன் வேலை செய்யும் அக்காவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் கடை முழுக்க அந்த அக்காவுக்குப் பெயர் சோடாபுட்டி. அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள்.

"என்னடி, இன்னைக்கு முகத்துல பல்பு எரியுது?"

"மாமாவுக்கு ஸ்லோ குக்கர்ல ராஜ்மா வச்சுட்டு வந்திருக்கேன்க்கா. இனி மதியக் கவலை இல்ல."

"நல்லாக் கொதிக்க வச்சுட்டுதானே அதுல போட்டே?"

"எதுக்கு? அதான் காலையிலேர்ந்து வேகுதே?"

சோடாபுட்டி அக்கா கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி, அந்தக் கொட்டையில விஷம் இருக்குடி. ஊறவச்ச தண்ணியைக் கொட்டிட்டு, அடுப்புல தளதளன்னு கொதிக்கவிட்டாத்தான் அது சாகும். இந்தப் பானை அந்த அளவுக்குச் சூடே ஆகாது. அரைச்சூட்டுல வெந்தா பச்சையாத் தின்னறதைவிட மோசம். எங்க தங்கச்சி ஹாஸ்டல்ல இதே கூத்துதான். வாந்தி நிக்கவே இல்ல, ட்ரிப் ஏத்தினாங்க. ஏதோ சின்னப் பிள்ளைங்க, எழுந்திரிச்சிடுச்சுங்க..." அங்கே நிறுத்தினாள். "உங்க மாமாவுக்கு வயித்துத் தையல் ஆறிடுச்சா?"

அவள் அதற்குள் போனை எடுத்திருந்தாள். மணி அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. மறுபடியும் அடித்தாள். கணவனின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அப்படித்தான். டீச்சர் வகுப்பில் இருப்பார்.

"நான் பாத்துக்கறேன், நீ ஓடு" என்றாள் அக்கா.

பேருந்து ஊர்ந்தது. முன்னால் ஏதோ லாரி குறுக்கே நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டார். அவள் போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். கட்டு மாற்றும்போது பார்த்த அந்தத் தையல், வயிற்றின் குறுக்கே கருநூலால் போட்ட அவசரத் தையல், கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு இருமலுக்கே அதை இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறவர். வாந்தி வந்தால்? அவர் யாரைக் கூப்பிடுவார்? தண்ணீருக்கே கூப்பிடத் தயங்குகிறவர்.

'பசிச்சதும் சாப்பிடுங்க.' தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தாள்.

நிறுத்தம் வருமுன்பே இறங்கி ஓடினாள். மூன்று மாடி. சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

வீடு முழுக்க வெந்த தக்காளி வாசனை. அது நல்ல வாசனையாக இருந்ததுதான் கொடுமை.

"மாமா!"

நாற்காலி காலியாக இருந்தது. மேசையில் குக்கரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவர் போன், அவளுடைய அழைப்புகளைச் சுமந்துகொண்டு. கைகழுவும் தொட்டியில் ஒரு தட்டும் ஸ்பூனும். கழுவிய ஈரம் காயவில்லை.

மூடியைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. குறைந்திருக்கிறதா? காலையில் எந்த மட்டத்தில் இருந்தது? கொட்டைகள் உப்பி மேலே வந்திருந்தன, எதுவும் தெரியவில்லை.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். பதில் இல்லை. "மாமா, நான்தான்." தள்ளினாள். உள்ளே யாருமில்லை. படுக்கையில் போர்வை மடித்தபடி இருந்தது. எங்கே போய் விழுந்துகிடக்கிறாரோ? படியிலா? அவள் ஏறி வந்த வேகத்தில் கவனிக்கவில்லையா?

படியைப் பார்க்கத் திரும்பியபோதுதான் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். துணி காயப்போடும் முற்றத்தில், சிமெண்ட் பெஞ்சில் அவர் இருந்தார். தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. அசைவே இல்லை.

"மாமா!" அவளுக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை.

கீழே, மெல்ல, ஒரு முஷ்டி தலைக்கு மேலே எழுந்தது.

எப்படி இறங்கினாள் என்று தெரியாது. அருகே போனபோதுதான் பெஞ்சுக்குப் பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய வாளி இருப்பதைப் பார்த்தாள்.

"ஏம்மா ஓடியாறே? தீ கீ பிடிச்சிடுச்சா?" என்று அவர் பதறி எழுந்தார்.

"சாப்பிட்டீங்களா மாமா?"

"ரொட்டியை வாழைப்பழத்தோட பிசைஞ்சு ஸ்பூன்ல சாப்பிட்டேன்."

"குக்கர்லேர்ந்து?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கோவிச்சுக்காதேம்மா. மூடியைத் தொடவே பயமா இருந்துச்சு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை முதலில் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. அவர் என்ன செய்வதென்று புரியாமல் அவள் தலைக்கு மேலே கையை வைத்தும் வைக்காமலும் நின்றார்.

"அது சத்தமே போட மாட்டேங்குதும்மா. பக்கத்துல உக்காந்தா கண்ணு சொக்குது. மறுபடி தூங்கிட்டேன்னா? இங்கேன்னா வெயில் அடிக்கும், தூங்க முடியாது. புகை வந்தா ஜன்னல்ல முதல்ல எனக்குத் தெரிஞ்சிடும்."

"வந்தா?"

"அதுக்குத்தான் வாளி."

"இந்த வயித்தோட, வாளியைத் தூக்கிட்டு, மூணு மாடி?"

அவர் வாளியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "அதை யோசிக்கல."

அவள் ராஜ்மாவைப் பற்றிச் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். கேட்டு முடித்ததும் அவர் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டார்.

"தெரியாம நடந்ததும்மா. எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு."

சுவர் கரியானதைப் பற்றி அவராக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

பானையில் இருந்ததை ஒரு கொட்டைகூட விடாமல் கொட்டினாள். மாலையில் விஷயத்தைக் கேட்ட கணவன் வெளிறிப்போனான். குக்கரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான். மாமாதான் மறுத்தார். "அது என்ன பண்ணும் பாவம்? நம்மளுக்குத்தான் ஓட்டத் தெரியல. அதே கொட்டையைப் புதுசா இன்னொரு தடவை ஊறப்போடும்மா."

மறுநாள் காலை, வடித்த கொட்டைகளைப் புதுத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தவள், பற்றவைக்காமல் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, நீங்க பத்த வைங்க."

"நானா?"

"நான் பக்கத்துலயே நிக்கறேன்."

அவர் உள்ளே வந்தார். அடுப்பின் குமிழைப் பிடித்தார். முதல் முறை பற்றவில்லை. கையைச் சுட்டதுபோல இழுத்துக்கொண்டார். குமிழை அவள் தொடவில்லை. இரண்டாம் முறை நீலமாகப் பற்றியது. தண்ணீர் சலசலத்து, பிறகு தளதளவென்று புரண்டு கொதித்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல், அந்தரத்தில் தொங்கும் பெட்டியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். போதுமென்று அவள் சொன்ன பிறகும் இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்றார். பிறகு அவரே அணைத்தார். அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

கொதித்ததைக் குக்கருக்கு மாற்றிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள். படியிறங்கும்போது நேற்றைய பயம் மிச்சமிருந்தது. அது ஒரே நாளில் போகிற பயமில்லை. தெருவுக்கு வந்ததும் முற்றத்துப் பக்கமாகச் சுற்றிப்போய்ப் பார்த்தாள். பெஞ்சில் யாரும் இல்லை. வாளி கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்தாள். சமையலறை ஜன்னலில், கண்ணாடிக்கு உள்ளே, அவர் நின்றிருந்தார்.

அவள் முஷ்டியை மடக்கித் தலைக்கு மேலே தூக்கினாள். மேலேயிருந்து பதில் வருவதற்குள், அவர் ஒருமுறை திரும்பிக் குக்கரைப் பார்த்துக்கொண்டார்.