துணி பத்தலைங்க

குடியிருப்பின் தரைத்தளத்தில் கடை வைத்திருந்த தையல்காரருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. துணியை மேஜையில் விரித்ததுமே உதட்டைப் பிதுக்கி, "துணி பத்தலைங்களே" என்று இழுப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் 'பத்தலை'தான். அவரிடம் தைத்த பேண்டு கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். சட்டைக்குப் பை இருக்காது. முழு நீளப் பேண்டு போட்டவர் அந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவர்தான். ஆனால் தையல் அவ்வளவு சுத்தம். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் திரும்பவும் அவரிடமே வந்தார்கள்.

மிச்சத் துணியை அவர் விற்றுக் காசு பார்த்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வெட்டு மேஜைக்கு அடியில் கிடந்த சாக்கு மூட்டைக்குள் திணித்துவிடுவார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை அப்படிப் பழகிவிட்டது.

குடியிருப்போர் சங்கம் வசந்த காலத்தை வரவேற்கத் தேநீர் விருந்து வைத்தது. கடை இருந்த அறை சங்கத்துக்குச் சொந்தம். அதை இவருக்கே மறுபடி வாடகைக்கு விடுவதா, சலவைக்காரருக்குக் கொடுப்பதா என்று அந்த விருந்தில்தான் கை தூக்கி முடிவு செய்யப்போகிறார்கள். பத்தலைக்குச் சில நாட்களாகவே ஒரு வாய் இறங்கவில்லை.

"மேஜை நடுவுல வைக்க ஒரு பூ அலங்காரம் பண்றேன்னு ஒத்துக்கிட்டேங்க. செடியில இன்னும் மொட்டே விடல. அந்த மூட்டையை எடுத்துக்கவா?" என்று மனைவி கேட்டபோது அவர் வாயில் நூல் இருந்தது. "ம்" என்றார். எல்லா வினையும் அந்த 'ம்'மில்தான் வந்தது.

அந்த அம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளை இதழ் இதழாக நறுக்கினாள். ஓரங்களை மெழுகுவர்த்தியில் காட்டிச் சுருட்டினாள். கம்பியில் சுற்றி, நடுவில் பொத்தான் வைத்துக் கட்டினாள். அறுந்த ஜிப்புகள் தண்டாயின. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் நட்டு விருந்துக்குக் கொண்டுபோனாள்.

பத்தலை கூடத்துக்குள் நுழைந்தார், மேஜையைப் பார்த்தார், வாசலிலேயே நின்றுவிட்டார். ஒவ்வொரு இதழையும் யாரிடமிருந்து அடித்தோம் என்று அவருக்கு அத்துப்படி.

முதலில் கண்டுபிடித்தது மாடிவீட்டு நர்ஸம்மா. "ஐயோ, இது என் கவுன் துணி! இடுப்புக்குப் பட்டை வைக்கக் காணாதுன்னீங்களே!"

அவ்வளவுதான். ஆளாளுக்குக் குனிந்து, தங்கள் கையையும் காலரையும் இதழ்களோடு வைத்துப் பார்த்தார்கள். சங்கத் தலைவரான வங்கி மேனேஜர் ஒரு காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். கணுக்காலுக்கு மேலே நின்ற பேண்டும், பூவுக்குப் பின்னால் இருந்த ஓர் இலையும் ஒரே சாம்பல் நிறம். கடை போச்சு என்று பத்தலை கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாருக்கும் பூ," என்றார் தலைவர். இலையை விரலால் தடவிப் பார்த்தார். "எனக்கு மட்டும் இலையா?"

"இலைன்னாலும் உங்களுது வெளிச்சத்துல இருக்கு சார். என் பூவைப் பாருங்க, சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது," என்றார் நர்ஸம்மா.

கணக்கு டீச்சர் டின்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். "என்னுது எங்க? நானும் உங்ககிட்டதானே தைக்கிறேன்? என் துணி எடுக்கிறதுக்குக்கூட லாயக்கில்லையா?"

"எடுத்தேன் டீச்சர், சத்தியமா எடுத்தேன்!" பத்தலை பதறினார். "மூட்டை அடியில இருக்கும். நல்லாப் பெரிய துண்டா எடுத்தேன்!"

"சும்மா என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க," என்று டீச்சர் மூக்கை உறிஞ்சினார்.

மூலையில் நின்ற சலவைக்காரருக்கும் தாங்கவில்லை. "நான் இவர்கிட்ட தைச்சதே இல்லீங்க. கடை இவருக்கே இருக்கட்டும். நாளைக்கே ஒரு சட்டை கொடுக்கறேன், அடுத்த வருஷம் எனக்கும் ஒரு பூ விழணும்."

எல்லாக் கைகளும் ஒருசேர மேலே போயின. வீட்டுக்கு ஒரு பூ, தலைவருக்கு முன்வரிசையில் இரண்டு என்பது நிபந்தனை. பத்தலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பசியும் கூடவே வந்ததால் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

"அது சரி, நட்டநடுவுல இருக்கிற கத்தரிப்பூக் கலர் யாருது?" என்று கேட்டார் நர்ஸம்மா.

இருந்ததிலேயே பெரிய பூ அது. அசல் வெல்வெட். யாரும் உரிமை கொண்டாடவில்லை. பத்தலை கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"என்னுது," என்றாள் மனைவி, தேநீர் ஊற்றுவதை நிறுத்தாமல். "கல்யாணமான புதுசுல எங்கம்மா கொடுத்த துணி. முழுக்கை வச்சுக் கோட்டு கேட்டேன். பத்தலைன்னு அரைக்கைதான் வச்சார். ஒவ்வொரு குளிருக்கும் அதைத்தான் போட்டுக்கறேன்."

தலைவர் மெல்ல மேஜையிலிருந்து காலை இறக்கிக்கொண்டார். ஊரையே ஏய்த்தபோது வராத வெட்கம் பத்தலையை அப்போதுதான் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை அம்மாள் கோட்டையும் பூவையும் வெட்டு மேஜையில் வைத்தாள். "கை வச்சுக் குடுங்க."

அவர் பூவைப் பிரித்தார். இதழ்களை நீவித் தேய்த்தார். நேராக வைத்தார், குறுக்காக வைத்தார், இழுத்துப் பார்த்தார். நறுக்கியதிலும் ஓரம் கருகியதிலும் பாதி போயிருந்தது. எப்படிப் போட்டாலும் முழங்கைக்குக் கீழே ஒரு சாண் குறைந்தது. உண்மையாகவே குறைந்தது. வாயைத் திறந்தார்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல," என்றார் அவர். குனிந்து தன் பழுப்புப் பேண்டின் அடியைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்தார்.

அன்று சாயங்காலம் வெயில் அடித்துக்கொண்டிருந்தும் அம்மாள் முழுக்கைக் கோட்டோடு தெருவில் நடந்தாள். மணிக்கட்டுப் பக்கம் மட்டும் பழுப்பு நிறம். எதிரே வந்த சங்கத் தலைவர் பின்னால் வந்த பத்தலையின் கணுக்காலைப் பார்த்துவிட்டு, "என்ன, உங்களுக்குமா?" என்றார்.

"ஆமாங்க," என்றார் பத்தலை. "துணி பத்தலைங்க."