ரெண்டு வருசம் தாங்குற மரம்

பலகையின் ஒரு முனையைக் கண்ணோடு ஒட்டி, மறுகண்ணை மூடிக்கொண்டு வளைவு பார்க்கிறார் சென்னியப்பன், மரத்தூள் மிதக்கும் வெயிலில் அவர் முகம் பாதிதான் தெரிகிறது, அந்தப் பாதியை நம்பலாமா என்று யோசித்தபடி நிற்கிறேன், ஆவணியில்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆனது, இருவருக்குமே இரண்டாவது, என் துணிகளுக்கு ஓர் அலமாரியைத் தானே செய்துதருவதாக மேட்டுப்பாளையம் சாலை மர டிப்போவுக்குக் கூட்டிவந்திருக்கிறார், பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கை, உளியைத் தொட்டதே இல்லை, நேற்று சுவரை அளந்துகொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் டேப்பை ஏன் சுருட்டினார், தேக்கு பாக்கறீங்களாண்ணா என்று கடைக்காரர் கேட்கிறார், தேக்கெல்லாம் வேண்டாமுங்க, வெலை கம்மியா, ஆணி அடிச்சாப் பொளக்காம, ரெண்டு வருசம் தாங்குனாப் போதுமுங்க என்கிறார் இவர்.

ரெண்டு வருசம், அதற்கப்புறம் நான் எங்கே இருப்பேன் என்று நினைக்கிறார், யாரிடம் என்ன பேசி வைத்திருக்கிறார், தேக்கின் வாசம் வருகிறது, டிப்போவிலிருந்தா பழைய வீட்டிலிருந்தா தெரியவில்லை, அங்கே என் முதல் கணவரின் தேக்கு பீரோ நிற்கிறது, மூணு தலைமுறைக்கு நிக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் தட்டிக் காட்டுவார், சாவி அவர் அரைஞாணில், குளித்துவிட்டு ஈரத்தோடு நான் காத்து நிற்கிறேன், இன்னைக்கு எங்க கெளம்பற என்கிறார், எங்கயுமில்ல என்கிறேன், சாவி கிறீச்சிட்டுத் திரும்புகிறது, இல்லை, அது உள்ளே ரம்பம் ஓடும் சத்தம், பெட்டி உடைச்ச பைன் பலகை இன்னும் சல்லிசுங்கண்ணா, ஆனா கணு சாஸ்தி, புதுசாப் பழகறவங்களுக்கு சில்வர் ஓக்குதான் தோது என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏனுங்க, அதென்ன ரெண்டு வருசக் கணக்கு என்று கேட்டேவிட்டேன், சென்னியப்பனின் காது சிவந்தது, மொதத் தடவ செய்யறேனுங்க, கோணலாத்தான் வரும், தேக்குல கோணலாச் செஞ்சுட்டா ஆயுசுக்கும் நீங்க அதையே பாக்கோணும், இதுல கை பழகட்டும், அப்புறம் நல்ல மரத்துல ஒண்ணு செஞ்சு தாறனுங்க என்றார், முன்பே யோசித்து வைத்த பதில் போலவும் இருந்தது, இப்போதுதான் வாயில் வந்தது போலவும் இருந்தது.

கதவுக்குப் பூட்டு வேணுங்களாக்கா என்றார் கடைக்காரர், வேணும், சாவியெல்லாம் எங்கிட்டத்தான் இருக்கோணும் என்றேன், என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது, சரீங்க என்றார் சென்னியப்பன், ஏன் என்று கேட்கவில்லை, கேட்காததிலும் ஏதாவது இருக்குமோ என்று அவர் முகத்தைத் துழாவினேன், அதற்குள் அவர் குனிந்து சில்வர் ஓக் பலகையின் ஒரு முனையைத் தூக்கியிருந்தார், வாசலில் நின்ற ஆட்டோ வரைக்கும் ஒற்றை ஆளால் கொண்டுபோக முடியாத நீளம், மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன், நீங்க முன்னால நடங்க என்றேன், அவர் நடந்தார், அவர் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல், கால் பிசகாமல், நானும் நடந்தேன்.