குளியலறையில் பெய்த மழை

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம், இங்கே யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கொளுத்துகிற வெயிலை மழை என்று சொல்லி, அந்த மழையில் தானே நனைந்த ஒருத்தியின் கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். நடுவில் தொண்டை அடைத்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் அண்ணன் மனைவி, இளையவள் தம்பி மனைவி. வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டுச் சேர்ந்தே தொழில் செய்தார்கள். மூத்தவள் வெட்டுவாள், இளையவள் தைப்பாள். மூத்தவளுக்கு அப்படி ஒரு கண். ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள். டேப்பைப் பிடிப்பதெல்லாம் வந்தவர் மனசு கோணாமல் இருக்கத்தான்.

அவர்கள் துணி வாங்குகிற மொத்தக்கடையில் ஒரு குலுக்கல் வைத்தார்கள். பரிசு, கடல்கடந்த ஊரில் கடற்கரை ஓட்டலில் ஆறு நாள், இரண்டு பேருக்கு. மூத்தவள் பெயர் விழுந்தது.

"நீயும் நானும்தாண்டி போறோம்" என்றாள் மூத்தவள். "ஆம்பளைங்க ஆறு நாளைக்கு அடுப்பைக் கட்டி அழட்டும்."

அன்றைக்கே நீலத் துணியில் வெள்ளைப் புள்ளி போட்டதாகப் பார்த்து எடுத்து, இரண்டு கவுன் வெட்டினாள். ஒரே துணி, ஒரே தையல். பக்கவாட்டில் ஆளுக்கொரு ஆழமான பை. எதற்குப் பை என்று இளையவள் கேட்டதற்கு, "கிளிஞ்சல் பொறுக்க வேண்டாமா? கையில எத்தனை பிடிக்கும்?" என்றாள்.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். படுத்த படுக்கை.

"நீ உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போ" என்றாள் மூத்தவள். "அவருக்குத்தான் பாஸ்போர்ட் இருக்கே. அத்தைக்கு என் கைதான் பழக்கம்."

"நான் இருக்கேன்கா. நீங்க போங்க" என்றாள் இளையவள்.

சொன்னாள்தான். ஒரே ஒரு தடவை சொன்னாள். இரண்டாம் தடவை சொல்ல வாய் வரவில்லை. மூத்தவள் முடியாது என்று தலையை ஆட்டியதுமே அவள் நெஞ்சுக்குள் ஒரு குட்டிச் சந்தோஷம் துள்ளிக் குதித்ததே, அதை அவள் மட்டும்தான் பார்த்தாள். கதை முழுக்க அவளைக் குத்தியது அதுதான்.

போய் இறங்கினார்கள். ஓட்டல் அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் பத்து எட்டு வைத்தால் மணல், அதற்கப்புறம் கடல். கண் கூசுகிற வெயில். ஊரே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறது. வயசானவர்கள்கூட வெட்கப்படாமல் ஐஸ்கிரீம் ஒழுக ஒழுக நக்கிக்கொண்டு போகிறார்கள். இளையவள் பெட்டியைத் திறந்தாள். அடியில் இரண்டு கவுன் இருந்தது. தன்னுடையதையும் மூத்தவள் இவளுக்குத் தெரியாமல் மடித்து வைத்திருக்கிறாள். மாற்றிப் போட வேண்டுமே என்று.

அதைக் கையில் பிடித்திருந்தபோதே போன் வந்தது. திரையில் மூத்தவள். தலை கலைந்து, தோளில் துண்டு, பின்னால் மாமியாரின் முனகல்.

"போய்ச் சேர்ந்துட்டியா? எப்படிடி இருக்கு? கடலைக் காட்டு!"

நாக்கு தானாகச் சொன்னது. "கடல் எங்கேக்கா! இறங்கினதுலேர்ந்து ஒரே மழை. ஒண்ணும் தெரியல."

"அய்யய்யோ!" என்று மூத்தவள் பதறினாள்.

அந்த மாதிரி நேரத்தில் ஒரு பொய், இரக்கத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருமாம். அவள் அங்கே படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டு நிற்கையில், இங்கே சொர்க்கம் மாதிரி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அப்படித்தான் இளையவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் போன் வரும் நேரத்தில் திரைச்சீலையை இழுத்து மூடினாள். மழைச் சத்தம் வேண்டுமே? குளியலறை ஷவரைத் திறந்துவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்தாள்.

கட்டிலில் கிடந்த புருஷன் எழுந்து உட்கார்ந்தான். "இடியும் வேணுமா? நாற்காலியை உருட்டட்டுமா?"

"சும்மா இருங்க."

"அண்ணி என்ன குழந்தையா? வெயில்னு சொன்னா அழுதுடுவாங்களா?"

"உங்களுக்குத் தெரியாது."

மூன்றாம் நாளும் அப்படியே. காலை முழுக்கக் கடலில் கிடப்பாள். அலை வந்து தூக்கும்போது சின்னப் பிள்ளை மாதிரி கத்துவாள். மத்தியானம் வந்து ஷவரைத் திறந்துவிட்டு, சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை, அறை பொந்து மாதிரி இருக்கிறது என்று அடுக்குவாள். மூத்தவள் உச்சுக் கொட்டுவாள். "பாவம்டி நீ. நான்தான் உன்னைத் துரத்திவிட்டேன்" என்பாள். அதைக் கேட்டால் இளையவளுக்குச் சுருக்கென்று தைக்கும். சாயங்காலம் மறுபடி கடலுக்குப் போய்விடுவாள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

நான்காம் நாள் மூத்தவள் கொஞ்ச நேரம் திரையையே உற்றுப் பார்த்தாள். "உன் கழுத்து ஏன்டி கறுத்திருக்கு?"

"இங்க லைட்டு சரியில்லக்கா."

"அப்படியா" என்று விட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் போனில் மூத்தவள் குரலில் ஒரு அலுப்பு இருந்தது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் பொண்ணு எனக்குத் தெரியாம லீவு சேர்த்து வெச்சிருக்காடி. அடுத்த மாசம் அத்தை எழுந்து நடந்ததும் என்னை அதே ஊருக்குக் கூட்டிட்டுப் போறாளாம். நேத்துதான் வாயைத் திறந்தா."

அவள் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு.

"நல்லதுதானேக்கா..."

"என்ன நல்லது? வேண்டாம்னுட்டேன். மழையைப் பார்க்கவும், வாயில வைக்க முடியாத சோத்தைத் திங்கவும் அவ்வளவு தூரம் போகணுமா? அந்த லீவை யாருக்காவது விட்டுக்குடுன்னேன். கூட வேலை பார்க்கிற பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்காளாம். இன்னும் கொஞ்ச நேரத்துல எழுதிக் குடுத்துடுவா."

ஷவர் கொட்டிக்கொண்டிருந்தது. இளையவள் அப்போதே சொல்லியிருக்கலாம். "வெச்சுடறேன்கா, இங்க சரியா கேக்கல" என்று துண்டித்துவிட்டாள்.

கட்டிலில் அப்படியே உட்கார்ந்தாள். மூடிய திரைச்சீலையின் ஓரத்தில் வெயில் ஒரு கத்தி மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. சொன்னால் மூத்தவள் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் அவளுக்கு இந்தக் கடல் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நாற்பது நிமிஷம் ஓடியது.

புருஷன் எழுந்து போய் ஷவரை மூடினான். அறை திடீரென்று அமைதியானது. "தண்ணியாவது மிச்சமாகட்டும்" என்றான். பிறகு போனை அவள் மடியில் வைத்தான்.

அவள் திரைச்சீலையை விலக்கினாள். கதவைத் தள்ளி மணலில் இறங்கி, போனைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"அக்கா, பாருங்க. மழையே இல்லக்கா. ஒரு நாள்கூட இல்ல. எல்லாம் பொய்."

மூத்தவள், "இரு" என்று சொல்லிவிட்டு இன்னொரு போனில் மகளைக் கூப்பிட்டாள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"எழுதிக் குடுத்து அரை மணி ஆயிடுச்சாம். அந்தப் பொண்ணு அழுது நன்றி சொல்லிட்டுப் போச்சாம். இனிமே அடுத்த வருஷம்தான்."

"அக்கா, நான்... நீங்க அங்க கஷ்டப்படறீங்களேன்னுதான்..."

"நீ சந்தோஷமா இருந்தா என் வயிறு எரியும்னு நெனச்சியா?"

இளையவள் போனைத் தன் முகத்துப் பக்கம் திருப்பினாள்.

"நேத்தே பார்த்தேன்டி. நான் வெட்டின கழுத்து. ரெண்டரை இஞ்ச் இறக்கம். அந்த வளைவு அப்படியே உன் தோல்ல கறுப்பா விழுந்திருக்கு. மழையில யாருக்குடி அப்படி விழும்? நான் என் கண்ணை நம்பல. உன் வார்த்தையை நம்பினேன்."

போன் அணைந்தது.

அன்று சாயங்காலம் இளையவள் கடலில் இறங்கவில்லை. மூத்தவளின் கவுனைப் போட்டுக்கொண்டு கரையோரமாகவே நடந்து, இருட்டும்வரை குனிந்து குனிந்து கிளிஞ்சல் பொறுக்கினாள். பை கனத்துத் தொடையில் இடித்தது.

ஊர் திரும்பிய பின் ஒன்பது நாள். மூத்தவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. வெட்டிய துணியைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைப்பாள், போய்விடுவாள். கத்தரியும் மெஷினும் மட்டும் பேசிக்கொண்டன. மாமியாருக்குத் துடைத்துவிடுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் இளையவளே இழுத்துப் போட்டுச் செய்தாள். மூத்தவள் தடுக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

பத்தாம் நாள், ஒரு சட்டைக் கைக்குச் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் மூத்தவள் கேட்டாள். "தண்ணி சூடா, குளுமையா?"

இளையவளின் கால் மெஷின் மிதியில் நின்றுவிட்டது. "முதல்ல குளுமைக்கா. ஒரு முங்கு போட்டா வெதுவெதுன்னு இருக்கும்."

"சோறு?"

"ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்கா. தினமும்."

"அப்படிச் சொல்லு." சாக்பீஸ் கோடு முடிந்தது. "அலை தூக்குமாமே, பயந்தியா?"

"கத்தினேன்கா. சந்தோஷத்துல."

அன்றைக்கு முழுக்க அவள் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் சந்தோஷம் ஒவ்வொன்றும் தன்னையே சுட்டது. ஆனாலும் ஒன்றைக்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. கடைசியில் உள்ளே போய் நீலக் கவுனைக் கொண்டுவந்து மூத்தவள் மடியில் வைத்தாள். மூத்தவள் பைக்குள் கைவிட்டாள். கிளிஞ்சலோடு மணலும் வந்தது.

"துவைக்காமலேயே மடிச்சியா? தையக்காரிதானே நீ?" என்று திட்டினாள். மணலை மட்டும் கீழே தட்டவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த வருஷம் நீங்க போங்கக்கா. அத்தையை நான் பார்த்துக்கறேன்."

"ம்."

"நீங்க போங்கக்கா."

மூத்தவள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டாம் தடவை சொல்ல இப்பத்தான் வாய் வந்துச்சா?"

அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இளையவள் தலை குனிந்தாள். மூத்தவள் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கழுத்தில் அந்தக் கறுத்த வளைவை விரலால் அளந்தாள். "ரெண்டரைதான். ஒரு நூல் பிசகல" என்றாள்.

அந்தக் கறுப்பு மங்க மூன்று மாசம் ஆனது. கண்ணாடி பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

போய் வாருங்கள் கண்ணுங்களா. உங்கள் வீட்டில் ஒருவர் தன் சந்தோஷத்தை இன்னொருவருக்குப் பயந்து திரை போட்டு மூடும்படி ஒருநாளும் வராமல் இருக்கட்டும். ஒருத்தர் கடலைப் பார்த்தால் வீடே நனையட்டும். பிள்ளைகுட்டிகளோடு எல்லாரும் நன்றாக இருங்கள்.