மழுங்கின போல்ட்

என் கொழுந்தன் றொமேஷைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போன வெள்ளைச் சட்டையோடு, நான் கூப்பிடாமலே வந்து என் பழைய மொரிஸ் காரின் பொனட்டுக்குள் தலையை விட்டிருந்தான்.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகளைப் பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவதுதான் என் பிழைப்பு. திங்கட்கிழமை காலை கார் போகாவிட்டால் அந்த ஓட்டம் றொமேஷின் வேனுக்குப் போய்விடும். அதற்குத்தான் அவன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிறான். ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. புதியதை மாட்ட டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். அதில் ஒன்று துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

அது அரை அங்குலப் போல்ட். எங்கள் பக்கத்தில் எல்லாரிடமும் இருப்பது ஜப்பான் வண்டிகளுக்கான மில்லிமீற்றர் ஸ்பேனர். அதனால் பதின்மூன்றைப் போட்டு, லொடலொடக்கும் இடைவெளியில் பால்மா டின் தகட்டைச் செருகித் திருகுவார்கள். இளகின போல்ட்டுக்கு அது சரி. இறுகினதில் செய்தால் தலை மழுங்கிப் போகும்.

"தகடு வேணாம் றொமேஷ். நான் போய் அரை இஞ்சு ஸ்பேனர் கேட்டு வாங்கிட்டு வாறேன்."

"சும்மா இருங்க அண்ணி. பதிமூணும் அரை இஞ்சும் ஒண்ணுதான்."

முழுப் பலத்தோடு ஒரே இழுப்பு. ஸ்பேனர் நழுவியது. போல்ட்டின் தலை உருண்டையாகிவிட்டது. அவன் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"இது இனி கழராது. நாளைக்குப் புள்ளைகள நானே ஏத்திக்கிறேன்."

"வேணும்னே செஞ்ச."

"ஒங்களுக்கு ஒதவ வந்தேன் பாருங்க, என்னையச் செருப்பால அடிக்கணும்."

"அடிக்கத்தான் போறேன். எடத்தக் காலி பண்ணு."

அவன் போனதும் பன்னிரண்டு சாக்கெட்டை எடுத்தேன். அந்தத் தலைக்கு அது சிறிது. மழுங்கின தலைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்தே ஏற்றினேன். ஒவ்வொரு அடிக்கும் அவன் மூஞ்சியை நினைத்துக்கொண்டேன். பாவமென்றால் பாவமாகவே இருக்கட்டும். பிறகு கைப்பிடியில் நீளக் குழாயை மாட்டி முழு எடையோடு அழுத்தினேன். கிறீச்சென்று போல்ட் இளகியது. அதைத் தூக்கி எறிந்து வேறொன்று போட்டு, பெல்ட்டையும் மாட்டினேன்.

மறுநாள் அவன் எனக்கு முந்தி வந்து, தாய்மாரிடம் என் கார் முடிந்துபோனது என்று சொல்லி, பிள்ளைகளை வேனில் அடைத்திருந்தான். தோட்டத்து ரோட்டில் ஒரு வண்டிதான் போகலாம். வேனுக்கு முன்னால் காரைக் குறுக்கே விட்டு, இஞ்சினை நிறுத்தாமல் இறங்கினேன்.

"அண்ணி, காரத் தள்ளுங்க. புள்ளைகளுக்கு நேரமாகுது."

"நேரமாகுதுல்ல? எறக்கு."

பிள்ளையை ஏற்றிவிட வந்த ஜெயலெட்சுமி என் காரின் பொனட்டில் கையை வைத்துப் பார்த்தாள்.

"காரு ஓடுதே தம்பி. எங்ககிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?" என்றாள்.

அவளே வேன் கதவைத் திறந்து தன் மகளை இறக்கினாள். மற்றத் தாய்மாரும் வந்தார்கள். கடைசிப் பிள்ளை என் காரில் ஏறும் வரைக்கும் நான் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப வழி விடுறேன், றொமேஷ். காலி வேன எங்க வேணும்னாலும் ஓட்டிட்டுப் போ."