இருபது நிமிஷம்

மியூசியத்தில் கண்ணாடிக்குள் நின்ற அந்த ஆளுயரக் கடிகாரத்தை உத்தமனுக்குத் தெரியாதா என்ன? முப்பது வருஷம் அவரை வேலை வாங்கிய ஃபேக்டரிக் கடிகாரம். ஃபேக்டரியை மூடியதும் இங்கே வந்துவிட்டது.

"வருஷத்துக்கு ரெண்டு செகண்டுகூடத் தப்பினதில்லையாம்ப்பா," என்று அட்டையைப் படித்தாள் மகள் ரூபினி.

அவள் பிறந்த அன்றுதான், மனைவி சின்னத்தாயிக்கு ரத்தம் நிற்கவில்லை என்று, வீடு இருந்த ஜோகுபாளையத்திலிருந்து ஆள் ஓடிவந்தது. சூப்பர்வைசர் நிமிர்ந்து இந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். "ஷிஃப்ட் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கு," என்றார். உத்தமனும் அந்த இருபது நிமிஷமும் பெரிய முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஏம்மா, முள்ளு அசையலியே?"

"அது நின்னு ரொம்ப வருஷமாச்சாம்ப்பா."

அவர் கண்ணாடியில் ஓங்கி அறைந்தார்.

"பாவி, இப்ப நின்னு என்ன புண்ணியம்!"